வெளுக்காத விடியல்
குளிர்கால மரக்காடும் ஒளிப்படமும்

சென்ற ஜூன் மாதத்தில் ஒருநாள், பரமட்டா பூங்காவில் எடுத்த படம் ஒன்றை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். வெஸ்ட்மீட் பக்கத்தால் பூங்காவுக்குள் இறங்கினால் வரும் மரங்கள்தான். காலை ஆறே முக்கால் மணி. அந்த மாதத்தில் சிட்னியில் சூரியன் எழ ஏழு மணியாகும்; அன்று வானமும் மூடிக் கிடந்தது. அனுப்புவதற்கு முன் படத்தைக் கணினியில் கொஞ்சம் திருத்தினேன். நிழல்களைத் தூக்கினேன். நீலத்தைக் குறைத்தேன். புல்லுக்குப் பச்சை கூட்டினேன். அன்றிரவு அம்மா தொலைபேசியில் சொன்னார்: "நல்ல வடிவாக் கிடக்கு பிள்ளை. ஆனா விடிய எடுத்தது எண்டல்லோ சொன்னனீ? இது மத்தியானம் மாதிரிக் கிடக்கு. குளிர் எங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. குளிரை நான்தான் அழித்திருந்தேன். ஒளி போதாத படத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில், அந்தக் காலையில் அங்கே இருந்த ஒரே உண்மையான விடயத்தைத் துடைத்துவிட்டிருந்தேன். அதன் பிறகு நான் எடுத்த படங்களையும், நம்மவர்கள் இந்த நாட்டின் காடுகளில் எடுத்துப் பகிரும் படங்களையும், நம் நாட்காட்டிகளிலும் விழா மலர்களிலும் வரும் இயற்கைக் காட்சிகளையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். பெரும்பாலானவற்றில் எப்போதும் மத்தியானம். ஏன் இப்படி ஆகிறது, இதனால் எதை இழக்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் விடயம்.

முதலில் இடத்தைப் பற்றி. சிட்னியின் குளிர்காலக் காடு, 'குளிர்காலம்' என்றதும் நம் மனதில் வரும் காடு அல்ல. ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் அனுப்பும் படங்களில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். நிலத்தில் கிடக்கும் வெண்பனி வானத்து ஒளியைத் திரும்ப மேலே அனுப்பும். கனடாவின் மூடிய வானத்தின் கீழும் காட்டுக்குள் ஒளி இருப்பது அதனால்தான். இங்கே யூகலிப்டஸ் மரங்கள் குளிர்காலத்திலும் இலை கொட்டுவதில்லை. அவை உரிப்பது பட்டையை. நிலம் காய்ந்த புல்லும் உரிந்த பட்டையுமாக மங்கிய பழுப்பில் கிடக்கும்; விழும் ஒளியை விழுங்கிக்கொள்ளும். இலைகளோ செங்குத்தாகத் தொங்குபவை. அவற்றின் நிழல் அடர்த்தியானதல்ல, சல்லடை போன்றது. வெயில் நாளில் இந்தக் காடு முழுக்கக் கீற்றும் புள்ளியுமாகக் கண்ணைக் குழப்பும். மூட்டமான காலையில்தான் ஒவ்வொரு மரமும் தன் நிறத்தில் நிற்கும்: சாம்பல் பெட்டி மரத்தின் சொரசொரப்பு, காட்டுச் செம்பிசின் மரத்தின் வழுவழுத்த வெண்சாம்பல் தண்டு, இரும்புப்பட்டை மரத்தின் கரிய வெடிப்பு. ஒளி குறைந்தபோது வேறுபாடு கூடுகிறது. இந்தக் காட்டைப் பார்க்க நல்ல வேளையே 'மோசமான வெளிச்சம்' என்று நாம் சொல்லும் வேளைதான்.

கருவிகள் இதற்கு எதிராகவே வேலை செய்கின்றன. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குக் காடு எது, விடியல் எது என்று தெரியாது. தன் முன்னால் உள்ளது எதுவானாலும் அது விழும் ஒளியில் 18 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு. இருண்ட மரங்களைக் காட்டினால் அவற்றைச் சாம்பலுக்கு ஏற்றும். மூடுபனியைக் காட்டினால் அதன் வெண்மையைச் சாம்பலுக்கு இறக்கும். வெள்ளைச் சமன்பாட்டைத் தானியங்கியில் விட்டால் விடியலின் நீலத்தை ஒரு பிழையாகக் கருதித் திருத்திவிடும். 2018இல் கூகுளின் பிக்ஸலிலும் 2019இல் ஐபோன் 11இலும் வந்த இரவுப் படமுறை இன்னும் ஒரு படி மேலே போனது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டுக்குள் இருப்பதையெல்லாம் இழுத்து வெளியே வைக்கும். விருந்து மேசையில் முகங்களை எடுக்க அது நல்ல வசதி. காட்டில் அது பொய் சொல்கிறது. அதுவும் கேட்காமலே சொல்கிறது.

கையால் அளவுகளை வைத்து எடுப்பவருக்கும் இலகுவான வழி இல்லை. முன்மரமும் பின்மரமும் தெளிவாக வர எஃப் 8 அளவில் துளையைச் சுருக்கினால், அந்த வேளையில் ஷட்டர் கால் விநாடியோ அரை விநாடியோ திறந்திருக்க வேண்டும். முக்காலி இருந்தால் கேமரா அசையாது; ஆனால் தொங்கும் இலைகள் அசையும். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் இலை நிற்கும், படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் வரும். எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். நான் விட்டுக்கொடுக்க மறுத்த ஒன்று வெளிச்சம்தான் என்பதும், விட்டுக்கொடுத்திருக்க வேண்டியதும் அதுதான் என்பதும் அம்மாவின் கேள்விக்குப் பிறகே புரிந்தது.

வெளிச்சத்தை விட்டுக்கொடுப்பது என்றால் என்ன? இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த பாடம் ஒளிப்பட நூல் எதிலும் இல்லை. நக்கீரரின் நெடுநல்வாடையில் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான அந்த 188 அடிப் பாடலைப் பள்ளியில் அரசியின் பிரிவுத் துயர் என்றும் அரசனின் பாசறை என்றும் படித்தோம். இப்போது படிக்கும்போது எனக்கு அது ஒளி போதாத ஒரு நாளின் பதிவாகத் தெரிகிறது. மழை மூடிய கூதிர்காலம். பொழுது தெரியவில்லை. மாடப்புறாக்கள் இரையெடுக்கப் போகாமல், பகலா இரவா என்று மயங்கி, இருந்த இடத்திலேயே கால்மாற்றி நிற்கின்றன. வீட்டுப் பெண்களுக்கும் மாலை வந்தது கண்ணால் தெரியவில்லை. தட்டில் வைத்திருந்த பிச்சி மொட்டுகள் விரிந்து மணம் வந்ததை வைத்துப் பொழுதை அறிந்து விளக்கேற்றுகிறார்கள்.

இங்கே நக்கீரர் செய்யாமல் விட்டதைக் கவனிக்க வேண்டும். மங்கலை அவர் விலக்கவில்லை. மூட்டத்தைக் கிழித்து ஒரு கதிரை உள்ளே விடவில்லை. கண்ணுக்கு எட்டாததை மணத்தாலும், தயங்கும் புறாவின் காலாலும் சொல்கிறார். எவ்வளவு இருட்டு என்பதற்கு அந்தப் பாட்டில் ஓர் அளவு இருக்கிறது: புறாவுக்குக்கூடப் பொழுது தெரியாத அளவு. பிற்பகுதியில் விளக்குகள் வரும்போதும் அவற்றின் சுடர் நிமிர்ந்து நிற்பதில்லை. வாடை அடிக்கும்போதெல்லாம் தெற்கே சாய்கிறது. ஒளியே குளிரைக் காட்டும் கருவியாகிறது. நல்ல மங்கல் படம் செய்யவேண்டிய வேலை இதுதான். (அந்தச் சுடர் இங்கே வடக்கே சாயும். நமக்கு வாடை என்பது வடகாற்று. சிட்னியின் குளிர்காற்றோ தெற்கிலிருந்து வருவது. ஆனி, ஆடி மாதங்கள் இங்கே குளிர்காலம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நெடுநல்வாடையைச் சொல்லிக்கொடுக்கும்போது திசையையும் மாதத்தையும் திருப்பிப் போட்டுத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.)

இந்த நாட்டில் இந்த வேலையை ஒளிப்படத்தில் செய்துகாட்டியவர்கள் என்று இருவரைச் சொல்வேன். இருவரும் போரால் இடம்பெயர்ந்து வந்தவர்கள். ஒலேகாஸ் ட்ருகானஸ் 1923இல் லித்துவேனியாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் தஸ்மானியாவுக்கு வந்தவர். பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ் 1945இல் ஜேர்மனியில் லத்வியப் பெற்றோருக்குப் பிறந்து, 1950இல் தாயோடு வந்தவர். ட்ருகானஸ் அவருக்கு ஆசான். தஸ்மானியாவின் தென்மேற்குக் காடுகளையும் ஆறுகளையும் ட்ருகானஸ் பல ஆண்டுகளாக எடுத்த படங்கள் 1967ஆம் ஆண்டு ஹோபார்ட் காட்டுத்தீயில் வீட்டோடு எரிந்துபோயின. அவர் மறுபடி நடந்து, மறுபடி எடுத்தார். பெடர் ஏரி நீர்மின் திட்டத்தில் மூழ்கப்போகிறது என்றபோது அதன் படங்களைத் திரையிட்டு மக்களைத் திரட்டினார். ஏரி காப்பாற்றப்படவில்லை, 1972இல் மூழ்கியது. அதே ஆண்டு ஜனவரியில் கோர்டன் ஆற்றில் அவரும் இறந்துபோனார். உடலைக் கண்டெடுத்தவர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ்.

டொம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த ஒரு படத்தை இந்த இதழின் வாசகர்களில் பலர் பெயர் தெரியாமலே பார்த்திருப்பீர்கள். ஃபிராங்க்ளின் ஆற்றின் ராக் ஐலண்ட் வளைவில், காலை மூடுபனியில் எடுத்தது. 1983 மார்ச் 5ஆம் தேதி நடந்த கூட்டாட்சித் தேர்தலுக்கு முன் நாளிதழ்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வந்து, அந்த ஆற்றில் அணை கட்டுவதற்கு எதிரான இயக்கத்தின் முகமானது. தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூலை 1ஆம் தேதி உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளிக்க, அணை நின்றுபோனது.

அந்தப் படத்தில் சூரியன் இல்லை. பெரிய வடிவக் கேமராவை முக்காலியில் நிறுத்தி எடுத்த படம் அது. கரும்பாறைகள் கறுப்பாகவே விடப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட அவர் முயலவில்லை. நடுவிலுள்ள பாறைத்தீவு இருண்டு நிற்கிறது. பின்னாலுள்ள காட்டை மூடுபனி பாதி வாங்கிக்கொள்கிறது. வெண்மையாக இருப்பது பனியும் நீரின் நுரையும் மட்டுமே. ஒரு விளம்பரம் எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்று நினைப்போம். இந்த விளம்பரம் பாதியை மறைத்தது. அந்த இடத்துக்கு ஒருபோதும் போகாத மக்கள் அந்த ஈரத்தை உணர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். வெயில் நாளில் அதே வளைவை எடுத்திருந்தால் அது ஒரு சுற்றுலா அட்டையாகியிருக்கும்.

ஆனால் இந்தப் படத்தை வணங்கிவிட்டு நகர எனக்கு மனமில்லை. அதன்மேல் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. நீண்ட நேரம் திறந்திருந்த ஷட்டரால் நீர் பட்டுப்போல் குழைந்து வருவது அங்கே பொருத்தமாக இருந்தது. பின்னர் அது ஒரு வாய்பாடாகிவிட்டது. இன்று நீலமலைகளில் எந்த ஓடையை யார் எடுத்தாலும் பால் ஊற்றியதுபோல வருகிறது. மங்கலையும் இனிப்பாக்க முடியும் என்பதற்கு அது சான்று. இரண்டாவது குறை பெரியது. அந்தப் படத்தில் மனிதர் இல்லை. மனிதர் தொடாத காடு என்பதே அதன் வேண்டுகோள். ஆனால் அதே ஃபிராங்க்ளின் ஆற்றங்கரையில் குட்டிகினா என்று இன்று அழைக்கப்படும் குகையில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வாழ்ந்த தடயங்கள் 1981இல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அணை வழக்கிலும் அவை பேசப்பட்டன. மூடுபனி ஓர் ஆற்றைக் காப்பாற்றியது. அந்த ஆற்றின் மக்களைப் படத்துக்கு வெளியே வைத்தது. வாழ்ந்த இடத்தை வெறும் நிலம் என்று சொல்வது என்ன செய்யும் என்பதை ஈழத்திலிருந்து வந்த எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே 'இருட்டாக எடு' என்பது என் வாதம் அல்ல. இருட்டின் அளவைச் சரியாக எடு, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று கேள் என்பதே. வெஸ்ட்மீட்டுக்குத் திரும்பி வந்தால், இந்த வேறுபாட்டில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று தெரியும்.

நாங்கள் வாழும் மேற்கு சிட்னி ஒருகாலத்தில் கம்பர்லாண்ட் சமவெளி மரக்காடு. இன்று அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே மிஞ்சியிருக்கிறது. அதுவும் துண்டு துண்டாக, நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் வீட்டுத் தொகுதிக்கும் இடையில். 2009இல் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அது மிகக் கடுமையான அழிவு ஆபத்திலுள்ள வாழ்விடமாகப் பட்டியலிடப்பட்டது. நம்மில் பலர் நாள்தோறும் ரயிலில் கடக்கும் மரங்கள் அவை. அடர்ந்த காடு என்று சொல்ல முடியாது. மரங்கள் விலகி நிற்கும், இடையில் புல் வளரும், வானம் தெரியும். அந்த இடைவெளிதான் அதன் இயல்பு.

அந்த இடைவெளிக்குள் இப்போது புகுந்துகொண்டிருப்பவற்றில் ஒன்று ஆப்பிரிக்க ஆலிவ். 19ஆம் நூற்றாண்டில் வேலிக்கும் தோட்டத்துக்குமாகக் கொண்டுவரப்பட்டது. ஆண்டு முழுதும் கரும்பச்சையாக, அடர்த்தியாக நிற்கும். அதன் கீழ் ஒளி இறங்காது. புல் சாகும், யூகலிப்டஸ் நாற்று எழும்பாது. 'வந்தேறித் தாவரம்' என்று அதைத் திட்டும் பேச்சைக் கேட்கும்போது, வந்தேறியான எனக்கு உள்ளே கொஞ்சம் குறுகுறுக்கும். ஆனால் அதன் நிழலில் நின்று பார்த்தால் குறுகுறுப்புக்கு இடமில்லை. அங்கே வேறெதுவும் இல்லை.

இப்போது படத்துக்கு வருவோம். மூட்டமான குளிர்காலக் காலையில் இந்த இரண்டு இருட்டுகளும் வேறுவேறாகத் தெரியும். மரக்காட்டின் மங்கல், சாம்பலும் காற்றும் கலந்தது, ஊடாகப் பார்க்கலாம். ஆலிவின் இருட்டு அடைத்தது, சுவர் போன்றது. ஒளியளவை அந்தக் காலைக்கு உரியபடி வைத்தால் ஒரே படத்தில் ஒரு காடு உயிரோடிருக்கும் இடமும் சாகும் இடமும் தெரியும். நிழலைத் தூக்கினாலோ இரண்டும் ஒரே பச்சையாகி, 'எவ்வளவு செழிப்பு' என்று சொல்லவைக்கும். நான் அம்மாவுக்கு அனுப்பிய படத்தில் அதுதான் நடந்தது. இடது ஓரத்தில் செழிப்பாகத் தெரிந்த புதர் எது என்று மூலப்படத்தைத் திரும்பத் திறந்து பார்த்தபோதே எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் உண்டு. பரமட்டா என்ற பெயரே இந்த நிலத்தின் தருக் மக்களில் ஒரு பிரிவினரான புரமட்டகலிலிருந்து வருவது. பூங்காவின் பழைய மரங்கள் சிலவற்றில், அவர்கள் பட்டையை வெட்டியெடுத்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன. பூங்காவிலுள்ள பழைய ஆளுநர் மாளிகை 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதைப் படமெடுக்காதவர் இல்லை. தழும்பு வெறும் விளிம்பும் குழிவும்தான். அது படத்தில் தெரிவது குழிவுக்குள் நிழல் இருக்கும்வரைதான். நிழலை வெளுத்தால் தழும்பு பட்டையோடு பட்டையாகத் தட்டையாகிவிடும். டொம்ப்ரோவ்ஸ்கிஸின் மூடுபனி மறைத்ததை, இங்கே சரியான மங்கல் காட்டித்தருகிறது.

இதைச் செய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இருண்ட மரங்களை எடுக்கும்போது ஒளியளவுத் திருத்தத்தை ஒரு படி, சிலவேளை ஒன்றரைப் படி, கழித்தல் பக்கம் வைக்கவேண்டும். மூடுபனி என்றால் மாறாகக் கூட்டல் பக்கம். வெள்ளைச் சமன்பாட்டைப் பகல் ஒளியில் நிறுத்தினால் விடியலின் நீலம் தங்கும். கைத்தொலைபேசியில் இரவுப் படமுறையை அணைத்துவிட்டுத் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுக்கலாம். அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1940 வாக்கில் ஃபிரெட் ஆர்ச்சரோடு உருவாக்கிய மண்டல முறையின் சாரமும் இதுதான்: எந்த நிழல் எவ்வளவு கறுப்பாக விழவேண்டும் என்பதை ஒளிமானியிடம் விடாமல், எடுப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். தீர்மானிப்பதற்கு அந்த இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கணினியில் தீர்மானிக்கும்போது, நம் நினைவிலிருக்கும் வேறு ஏதோ ஊரின் வெயிலை இந்த மரங்கள்மேல் ஊற்றிவிடுகிறோம்.

நம் படங்களில் எப்போதும் மத்தியானமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புலம்பெயர்ந்தவர் ஊருக்கு அனுப்பும் படம் பெரும்பாலும் 'நலமாயிருக்கிறேன்' என்ற செய்தி. அதில் மங்கலுக்கு இடம் வைக்க நமக்குக் கூச்சம். குளிர், தனிமை, பாதி இருட்டில் வேலைக்குப் போவது, இவையெல்லாம் படத்தில் வந்துவிடக்கூடாது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சாம்பல் காலைகள்தான் சொந்த ஊர். அவர்கள் பள்ளிக்குப் போகும் வழி அது. அதை வெளுத்துக் காட்டினால் அவர்களுக்கும் அது யாருடையதோ ஊராகிவிடும்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போனேன். இந்த முறை ஒன்றேகால் படி கழித்து எடுத்தேன். தண்டுகள் வெண்சாம்பலாக நிற்கின்றன; ஆலிவ் புதர் ஓரத்தில் கறுப்பாக அடைத்துக் கிடக்கிறது; மரங்களுக்குப் பின்னால் மருத்துவமனையின் விளக்குகள் சில மஞ்சளாகத் தெரிகின்றன. புல் எந்தப் பச்சையிலும் இல்லை. நொய்ஸ் கொஞ்சம் இருக்கிறது, விட்டுவிட்டேன். எதையும் திருத்தாமல் அம்மாவுக்கு அனுப்பினேன்.

அம்மா படம் வடிவா இல்லையா என்று ஒன்றும் சொல்லவில்லை. "இந்தக் குளிருக்க ஏன் பிள்ளை போனனீ," என்றார், "தலைக்கு ஏதும் போட்டனியோ?"